குதிரையை மாற்றினேன்

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஏரல் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. சுவரில் சாய்த்து வைத்திருந்த என் பேஸ் கிட்டாரின் அடிப்பகுதி முழுகிவிட்டது. காய வைத்து எடுத்தபோது மரம் தப்பியிருந்தது, பிரிட்ஜ் துருப்பிடித்திருந்தது.

வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்வதுதான் இந்த பிரிட்ஜ். என்னுடையது வளைத்த எஃகுத் தகடு. 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலும் இப்படியொரு தகடுதான். கனமான பித்தளை பிரிட்ஜ் போட்டால் நாதம் நின்று பேசும் என்று வாத்தியக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். வாங்கினேன், புதுத் தந்தியும் மாட்டினேன். முதல் நாள் மாலை கீழ்த் தந்தியைத் தட்டியதும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் உறுத்தியது. புதுத் தந்தியே கணீரென்றுதானே பேசும்? பழைய பிரிட்ஜை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவைச் சுரண்டி, அதே தந்திகளோடு, தந்தி உயரத்தையும் அளந்து வைத்துத் திரும்ப மாட்டினேன். இரண்டிலும் ஒரே வரிசையை வாசித்துப் பதிவு செய்து, எது எதுவென்று சொல்லாமல் அக்கா மகனிடம் போட்டுக் காட்டினேன். மூன்று முறை கேட்டான். “ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கு மாமா” என்றான். எனக்கு மட்டும் பித்தளை பிரிட்ஜோடு வாசித்ததில், தந்தியில் விரல் படும் முதல் கணம் கொஞ்சம் தெளிவாக இருப்பதாகப் பட்டது. அதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீணையானால் கதை வேறு. அதில் குதிரை மேலிருக்கும் உலோகத் தகட்டின் வளைவைத் துளி இழைத்தாலும் நாதம் மாறும். தந்தி அந்த வளைவில் உரசி உரசித்தான் ரீங்காரம் எழுகிறது. தம்புராவில் தந்திக்கடியில் நுழைக்கும் ஒரு நூல் போதும், ஜீவா என்னும் ரீங்காரம் பிறந்துவிடும். நம் பக்கத்து வில்லுப்பாட்டில் வில்லுக்குக் குடம் எப்படியோ, வீணைக்கு அதன் குடம் அப்படி. குதிரை வாங்கித் தரும் அதிர்வைக் குடம்தான் காற்றில் பரப்புகிறது. பேஸ் கிட்டாரில் குடம் கிடையாது. தந்தியின் அசைவைப் பிக்கப்பின் காந்தம் நேராகப் பிடிக்கிறது. மரத்தில் கெட்டியாகத் திருகிய தகடு, எஃகானாலும் பித்தளையானாலும், தந்தியின் அசைவைப் பெரிதாகக் குடிப்பதில்லை. குடிப்பது கழுத்து. மெலிந்து நீண்ட அந்தக் கட்டைதான் தந்தியோடு சேர்ந்து அசைந்து சில ஸ்வரங்களை விழுங்குகிறது. என் கிட்டாரில் ‘ஜி’ தந்தியின் ஐந்தாம் கட்டில் (ஃபிரெட்) வரும் ஸ்வரம் அப்படித்தான் சட்டென்று அடங்கும். பித்தளை வந்த பிறகும் அதே இடத்தில் அடங்கியது.

ஆனாலும் பித்தளையையே வைத்துக்கொண்டேன். தந்தி அதில் நகராமல் உட்காருகிறது. சுருதியை ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாகத் திருத்த முடிகிறது. அடங்கும் அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் பக்கத்து ‘டி’ தந்தியின் பத்தாம் கட்டுக்குப் போய்விடுகிறேன். அங்கே அது நீளமாக நிற்கிறது.