மடாதிபதியே மன்னராக இருந்த கெம்ப்டன்

தெற்கு ஜெர்மனியில், இல்லர் ஆற்றங்கரையில் இருக்கிறது கெம்ப்டன். பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன ஆல்காய் பகுதியின் முக்கிய ஊர். 500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்த மடத்தின் தலைவர் துறவி மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்துக்கே அரசர். வரி, குத்தகை, வழக்கு எல்லாம் அவர் கையில். சுதந்திரமாக இருந்த குடியானவர்களையும் மடம் பண்ணையடிமைகளாக்கியது. ஒருவர் இறந்தால், அவர் சொத்திலும் மடத்துக்குப் பங்கு போகும்.

பொறுக்க முடியாமல் 1525-ல் விவசாயிகள் திரண்டெழுந்து மடத்தைச் சூறையாடினார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அந்த ஆண்டே மடாதிபதி செபாஸ்டியான், நகரத்தின் மீதிருந்த உரிமைகளை 30,000 குல்டன் காசுக்கு நகரத்தாரிடமே விற்றுவிட்டார்.

16-ம் நூற்றாண்டின் நடுவில், இதே மடத்து ஊர்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த நிலங்களை விவசாயிகள் தங்களுக்குள் மாற்றி, ஒரே இடமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். பலர் வீட்டையும் வயலுக்கே கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே பண்ணை வீடுகள் தள்ளித் தள்ளித் தனியே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.