எந்த லேத்து வாங்குவது?

கோவையில் லேத்துப்பட்டறையின் ஓசை கேளாத தெருக்கள் சிலவே. பம்பும் மோட்டாரும் செய்யும் அவ்வூரில், கைப்பிடி சுழற்றிக் கடையும் பழைய லேத்துகளின் இடத்திற்குக் கணினிக் கட்டளையால் இயங்கும் சி.என்.சி. லேத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைச் செய்வோர் நம் நாட்டிலேயே உளர்: கோவையில் எல்.எம்.டபிள்யூ., பெங்களூரில் ஏஸ், ராஜ்கோட்டில் ஜோதி. ஆகவே பொறிகளுக்குப் பஞ்சமில்லை, தேர்ந்தெடுப்பதில்தான் இடர்ப்பாடு.

நாம் அறிந்த சகோதரர் இருவர் இவ்விடர்ப்பாட்டில் சிக்கினர். தாயார் வாழும் வீட்டின் பத்திரத்தை ஈடுவைத்து வங்கிக் கடன் பெறவேண்டிய நிலை. மூத்தவர் ஒரு பொறியையும் இளையவர் மற்றொன்றையும் பற்றிக்கொள்ள, இருவருக்கும் பேச்சே குறைந்துபோயிற்று. "சாமி, அண்ணனுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று இளையவர் நம்மிடம் வந்தார். குருமடத்தில் நமக்கு மெய்யியல் கற்பித்தனரேயன்றிப் பொறியியல் கற்பிக்கவில்லை. எனினும் விலைப்பட்டியலைப் படிக்க யாருக்குத் தடை?

மூத்தவர் விரும்பியது 'பாக்ஸ் வே' பொறி. படுக்கையோடு ஒன்றாக வார்த்த அகன்ற தடங்களின்மேல் டூல் சறுக்கிச் செல்லும். ஆழமாக வெட்டினும் அதிர்வு அடங்கும். இளையவர் விரும்பியது 'எல்.எம். கைடு'. உருளைகளின்மேல் ஓடுவதால் உராய்வு குறைவு, விரைவு மிகுதி. வெட்டாமல் நகரும் வேகம் முன்னதில் நிமிடத்துக்கு 20 மீட்டர், பின்னதில் 30 என்று பட்டியல்கள் கூறின. அவர்கள் மிகுதியும் கடைவது இ.என்.8 எஃகாலான மோட்டார் ஷாப்ட். ஒரு ஷாப்டுக்கு டூல் வெறுமனே நகரும் தொலைவு ஏறத்தாழ 6 மீட்டர் எனக் கணக்கிட்டோம். முன்னதில் 18 விநாடி, பின்னதில் 12. மிச்சம் வெறும் 6 விநாடி! ஷாப்டை மாட்டிக் கழற்றவே அதனினும் பன்மடங்கு நேரமாகும். மூத்தவரின் வாதமும் இவ்வாறே மெலிந்தது. அவர்கள் ஒருமுறைக்கு வெட்டும் ஆழம் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை, அதற்கு எல்.எம். கைடே போதுமானது.

ஆயின் இருவரும் காணாத ஒன்று பட்டியலின் அடியில் சிற்றெழுத்தில் இருந்தது: விலை குறைந்த பொறியில் டெயில்ஸ்டாக் தனிவிலை! நீண்ட ஷாப்டைச் சக்கில் பிடித்து மறுமுனையைத் தாங்காவிடில், அது டூலுக்கு விலகி வளையும். விட்டம் ஒரு சீராக வராது. ஸ்டெபிலைசரும் வண்டிக்கூலியும் அவ்வாறே தனி. அனைத்தையும் கூட்டியபோது இரு பொறிகளின் விலையும் ஏறக்குறைய ஒன்றாயிற்று.

எனவே நம் எஃகையும் வரைபடத்தையும் கொண்டுபோய், இரு பொறிகளிலும் தொடர்ச்சியாக 20 ஷாப்டுகள் கடைந்து காட்டச் சொல்லுங்கள் என்றோம். காட்சிக்கு வைத்த பித்தளைத் துண்டு எப்பொறியிலும் பளபளக்கும். பொறி சூடேறச் சூடேற அளவு நகரும். முதல் ஷாப்டையும் இருபதாவதையும் மைக்ரோமீட்டரில் அளந்தால்தான் உண்மை தெரியும். பழுதுபார்ப்பவர் எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுத்தில் கேட்கச் சொன்னோம். பொறி நின்றாலும் தவணை நிற்பதில்லையே!

சகோதரர் இருவரும் ஒன்றாகவே சென்று வந்தனர். வாங்கியது எல்.எம். கைடு, டெயில்ஸ்டாக்குடன். பழைய லேத்தை விற்க மட்டும் மூத்தவர் இசையவில்லை. பழுதுக்கு வரும் ஒற்றைப் பம்புக்கு யார் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பது என்கிறார். அதுவும் சரியே. 60 தவணைகளில் 11 கட்டியாயிற்று. பத்திரம் எப்போது வீடு வரும் என்று தாயார் மாதந்தோறும் கேட்டு வருகிறார்.