மரளு, மடு, மக்கள்

தலக்காட்டுச் சாபத்தில் மூன்று தொடர்கள் உள்ளன. தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்கு மக்கள் இல்லாது போகட்டும். கன்னடத்தில் வழங்கும் அந்தச் சாபத்தின் மையச் சொற்கள் மூன்றையும் தமிழர் அகராதியின் துணையின்றியே உணர இயலும். 'மரளு' நம் மணலுக்கு உறவுச்சொல். 'மடு' இரு மொழியிலும் ஆற்றின் ஆழமான பகுதியையே குறிக்கிறது. 'மக்களு' என்றால் குழந்தைகள். தமிழில் 'மக்கட்பேறு' என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

மைசூரில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் தலக்காட்டிற்குச் சென்றது. மாமியார், மூத்த மகன், அவர் மனைவி, அவர்களுடைய ஒன்பது வயது மகள், இளைய மகன், அவர் மனைவி என ஆறு பேர். இளையவர்களுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள், குழந்தை இல்லை. அன்றைய பயணத்தைச் சுற்றுலா என்றே அனைவரும் குறிப்பிட்டனர். ஆயினும் அங்குள்ள இறைவனின் பெயர் வைத்தியநாதேசுவரர் என்பதையும், மாமியார் அந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதையும் காரிலிருந்த பெரியவர்கள் எல்லாரும் அறிந்திருந்தனர்.

காவிரிக் கரையில் பாலைவனம் ஒன்றைக் காண்பது விந்தைதான். மைசூரிலிருந்து ஏறக்குறைய 45 கி.மீ. தொலைவில், வயல்களுக்கு நடுவே மணற்குன்றுகள் எழுகின்றன. கங்கர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. பின்னர் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் இதனைக் கைப்பற்றித் தன் வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். பாதாளேசுவரர், மருளேசுவரர் கோயில்களுக்குப் படியிறங்கிச் செல்ல வேண்டும். சுற்றிலும் மணல் மேடு. நடுவே, தோண்டியெடுத்த பள்ளத்தில் கருவறை. சிறுமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடுகளில் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தாள்.

வழிகாட்டி கன்னடத்தில் கதை சொன்னார். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். விசயநகரப் பேரரசின் ஆளுநராக அங்கிருந்தவரின் மனைவி அலமேலம்மா. அவரிடமிருந்த நகைகளைக் கேட்டு அரசர் ஆளனுப்பவே, அவர் சாபமிட்டுவிட்டு மாலங்கியருகே காவிரியில் பாய்ந்தார். மூன்றாம் தொடர் வந்தபோது மாமியார் பேத்தியை அழைத்துக்கொண்டு தள்ளிப் போனார். இளைய மகன் கைப்பேசியைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்குக் குழந்தைகள் இருந்தார்களா என்று வினவினார். வழிகாட்டி சற்றுத் திகைத்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். அவர் அறிந்த கதையில் அதற்கு விடை இல்லை.

கதையை ஆண்டுகளோடு ஒப்பிட்டால் வேறொன்று புலப்படும். விசயநகர அமைச்சரான மாதவ மந்திரி 14ஆம் நூற்றாண்டிலேயே இப்பகுதியில் காவிரியின் குறுக்கே அணை கட்டினார். அணையால் நீரோட்டம் குறைந்தது. ஆற்று வளைவில் மணற்பரப்பு வெளிப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அதனை ஊருக்குள் கொண்டுவந்து குவித்தது. கே.என். கணேஷையா 2007இல் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை இந்தத் தொடர்பை விரிவாக ஆராய்ந்தது. அணை, சாபத்திற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது. மூன்றாம் தொடரும் முழுமையாகப் பலிக்கவில்லை. உடையார் மரபில் தத்துப்பிள்ளைகள் பலர் என்பது உண்மை. எனினும் தத்தெடுக்கப்பட்ட சாமராஜேந்திரருக்கு 1884இல் நால்வடி கிருஷ்ணராஜர் பிறந்தார். ஆயினும் மக்கள் நினைவில் அணை கட்டியவர் பெயர் நிற்கவில்லை. நீரில் மூழ்கிய பெண்ணின் பெயர் நிற்கிறது. ஊர் மணலானதற்கும் அவரே பொறுப்பாக்கப்பட்டார்.

பிற்பகலில் ஆற்றங்கரையில் கட்டுச்சோறு பிரிக்கப்பட்டது. பரிசல்காரர் ஒருவர் நீரின் கரும்பச்சைப் பகுதியைக் காட்டி, அதற்கப்பால் சிறுமியை விடவேண்டாம், அங்கே மடு இருக்கிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும் மாமியார் மருமகளிடம் சொன்னார்: "அடுத்த திங்கட்கிழமையிலிருந்து 48 நாள் விரதம் இரும்மா. வைத்தியநாதன் கைவிடமாட்டான்."

மருமகள் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். இளைய மகன் பேசினார்.

"அவளுக்கு எதுக்கும்மா விரதம்? குறை எனக்குத்தான். மூணு வருசத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாங்க."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மாமியார் மருமகள் பக்கம் திரும்பி, "நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன், அத்தை."

மரபிலக்கணம் வியங்கோள் வினைக்கு வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் பொருள்களைக் கூறும். வாழ்த்துக்கும் சாபத்துக்கும் வடிவம் ஒன்றே என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கன்னடத்தில் 'ஆகலி' என்றாலும், பேச்சுத் தமிழில் 'ஆகட்டும்' என்றாலும், சொல்பவர் நடக்கவேண்டியதைச் சொல்கிறாரே அன்றி நடந்ததைச் சொல்வதில்லை. அந்த வீட்டில் ஏழு ஆண்டுகள் இவ்வகைத் தொடர்களே புழங்கின. நல்லது நடக்கட்டும், கடவுள் கண் திறக்கட்டும், அடுத்த ஆண்டாவது தொட்டில் ஆடட்டும். சொன்னவர் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாழ்த்தும் ஒரு பெண்ணின் மேல் ஒரு கைப்பிடி மணலாக விழுந்தது. அதனை அகற்ற இன்னொரு வியங்கோள் உதவாது. அறிந்தவர் ஒருவர் நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒரு சாதாரணத் தொடர் வேண்டியிருந்தது. அத்தொடர் வர மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளை மருமகளுக்குத் திருப்பித்தர எந்த வினைமுற்றாலும் இயலாது.

திரும்பும் வழியில் தி. நரசிபுரத்தில் காபிக்காக வண்டி நின்றது. மாமியார் வண்டியிலிருந்து இறங்கவில்லை. மருமகள் இரண்டு தம்ளர்களை எடுத்துவந்து அவரருகே அமர்ந்தார். விரதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. சிறுமி தன் பைகளிலிருந்த மணலைச் சாலையோரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.