குரலும் ஓர் அமானத்தே



ஒருவர் வஃபாத்தான பின்னும் அவருடைய குரல் நம் கைபேசியில் தங்கிவிடுகிறது. முன்னோர் அறியாத நிலை இது. அக்குரலை நாம் என்ன செய்வது?

கணினி படித்த என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேட்டார். அவருடைய அத்தா ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமையும் புளியும் கொள்முதல் செய்து திருப்பத்தூரில் விற்றவர். சிக்னல் கிடைக்கும் வளைவில் வண்டியை நிறுத்தி, "இறங்கிக்கிட்டு இருக்கேன், உலை வை" என்று வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். "ஹஜ்ரத், இத்தாவில் இருக்கும் அம்மா அவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்தா பதில் பேசுவது போல ஒரு செயலி செய்யட்டுமா?" என்றார் மகன்.

இயலாத காரியம் அன்று. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படப் பாடலில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் அளித்ததாக அவர் தெரிவித்தார்.

ஆயினும் குடும்பத்தார் இசைந்தால் மட்டும் போதுமா? ஹதீஸ் கலையில் நாம் முதலில் பார்ப்பது ஸனது: யார் சொன்னார், யார் கேட்டார் என்னும் தொடர். சொல்லாததை ஒருவர் பெயரில் சொல்வது, கருத்து நல்லதாயினும், இட்டுக்கட்டுதலே. "உலை வை" என்பது அவர் சொன்னது. நாளை அச்செயலி, "உன்னை மன்னித்துவிட்டேன்" என்றோ, "நிலத்தை இளையவனுக்குக் கொடு" என்றோ பேசினால் அதற்கு ஸனது எங்கே? துயரத்தில் இருக்கும் பெண் அதை நம்பிவிட்டால் யார் பொறுப்பு?

துக்கம் குற்றமன்று. மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். முஃத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கணவனை இழந்தவளின் இத்தாவுக்கும் 4 மாதம் 10 நாள் என்று எல்லை உண்டு. அழ விடுவது, அருகில் நிற்பது, பின்னர் வாழ்வுக்குத் திரும்ப வழிவிடுவது: துயருற்றோருக்காக நாம் செய்யும் எந்தக் கருவிக்கும் இதுவே அளவுகோல்.

இதைச் சொல்லி, "உள்ளதைப் பாதுகாத்துக் கொடுங்கள், இல்லாததைப் பேச வைக்காதீர்கள்" என்றேன். அவர் பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். அப்போது தமக்கு வந்திருந்த பழைய பதிவுகளில், மலை விவசாயிகள் சிலருக்குச் சாமைக்கான பணம் பாக்கி என்று அத்தா சொல்லியிருப்பது கண்டார். மலையேறி விசாரித்து, ஒவ்வொருவருக்கும் கொடுத்து முடித்தார். கடனோடு வந்த ஜனாஸாவுக்கு, அபூகதாதா (ரலி) அக்கடனை ஏற்கும்வரை நபியவர்கள் தாமே தொழுவிக்கவில்லை என்பதை அறிந்தோர்க்கு இதன் கனம் புரியும். "இப்போது அவருக்காகத் துஆ கேட்கும்போது மனம் நிற்கிறது" என்றாராம் அந்தத் தாய்.

உங்கள் பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்துடன், கடனையும் அமானத்தையும் வஸிய்யத்தையும் அவர்கள் குரலிலேயே பதிந்து, எழுத்திலும் சாட்சிகளோடு வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் மர்ஹூம்களின் பிழை பொறுத்தருள்வானாக. ஆமீன்.