ஆறுமணி விருந்தாளி

காரைக்காலில் உபாத்தியாயராக இருப்பவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஐப்பசி மழைக்குச் சற்று முன்பின்னாக, எவனாவது ஒரு பையன் துண்டில் எதையோ பொத்திக்கொண்டு வந்து, "ஸார், இது என்ன குருவி?" என்று கேட்பான். பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, தோளில் நீலம், கண்மேல் கறுப்புப் பட்டை. ஒரு சாண்கூட இல்லாத உடம்பில் இத்தனை வர்ணங்களையும் பூசிய பிரம்மா, வாலை வைக்க மறந்துவிட்டார் போலும்!

விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குச் சீழ்க்கை அடிப்பதால் நம்மவர் இதை ஆறுமணிக்குருவி என்கிறார்கள். வடக்கே 'நவரங்.' ஐரோப்பிய சாஸ்திரிகள் 'பிட்டா' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். அது லத்தீனும் அல்ல, பிரெஞ்சும் அல்ல. அடுத்த வீட்டுத் தெலுங்கில் 'குருவி' என்பதுதான். பெயரைக் கடன் வாங்கியவர்கள் அவர்களே என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஹிமாலய அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பிரயாணம் இரவிலே. வழியில் களைத்தோ, விளக்கொளியில் திசை தடுமாறியோ நம் வீடுகளில் வந்து விழுகிறது. அப்போது அதன் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம். துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, பூனை இல்லாத புதரோரம் அந்தியில் விட்டுவிடுங்கள்.

தெற்கே கோடிக்கரையில், 1967-ல் சரணாலயமான காட்டில், அதற்கு வேண்டிய நிழல் இருக்கிறது. காரைக்காலில் காடு ஏது? பழைய வீட்டுக் கொல்லைகள்தாம் காடு. 1954 வரை பிரெஞ்சு எல்லையில் சுங்கக்காரர்கள் மூட்டைகளைச் சோதித்தார்களாம். இந்த யாத்திரிகனை அவர்கள் தடுத்ததில்லை. இப்போது சிமெண்டு தடுக்கிறது. தரையில் சருகைப் புரட்டிப் பூச்சியும் மண்புழுவும் தின்னும் பிராணிக்குச் சிமெண்டுத் தளத்தில் என்ன கிடைக்கும்? எங்கள் தெருவில் மட்டும் மூன்று கொல்லைகள் அப்படிப் போய்விட்டன.

எங்கள் மாமரத்தடிச் சருகை எரிக்கக் கூடாதென்பது என் கட்சி. பாம்பு வரும் என்பது என் மனைவியின் கட்சி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கிணற்றுக்கு அப்பால் நான்கு கஜத்துக்குச் சருகு இருக்கலாம், இப்பால் ஓர் இலைகூடக் கூடாது என்று ராஜியானோம். போன தை மாதம் முழுவதும் அந்த நான்கு கஜத்தில் ஒரே ஒரு குருவி குடியிருந்தது. சித்திரையில் காணோம், வடக்கே போயிருக்கும். விளக்குமாற்றை எடுத்தவள், ஐப்பசிவரை இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.