பளபளப்பின் கீழே



இங்கிலாந்தில் பணிபுரியும் என் தமக்கை மகன் அண்மையில் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். அவனைப் போல் பழைய வண்டியில் மனம் பறிகொடுத்தோர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அவர்களுக்காகச் சில சொற்கள்.

ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான வண்டி இது. இதற்குத் தனியே அடிச்சட்டகம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளின் கீழே ஓடும் இரும்புப் பகுதிகளே அதன் முதுகெலும்பு. குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு அவற்றை உள்ளிருந்தே அரிக்கும். மேலே புது வண்ணம் மின்னும். உள்ளே துரு தின்னும்.

தானியக் குவியலுள் கையை நுழைத்து, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நீங்களும் முதலில் வண்டியை உயர்த்தி அடிப்பகுதியைப் பாருங்கள். பின்னொரு நாள் விற்க நேர்ந்தால், கண்ட குறையை மறைக்காதீர்கள்.

முதற்செலவு வண்ணத்திற்கன்று, பிரேக்கிற்கும் டயருக்குமே. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். 2021 முதல் அங்கு வழக்கிலுள்ள, 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றைச் சிதைக்கக்கூடும்.

பெருமாற்றம் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 முதல் அங்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சட்டம் விலக்களிக்கலாம். ஆனால் அருகில் அமரும் மனைவியின் உயிரும், சாலையைக் கடக்கும் பிறர் பிள்ளையின் உயிரும் உங்களிடமுள்ள அமானிதமன்றோ? அதற்கு விலக்கு ஏது? ஆண்டுதோறும் நீங்களாகவே சோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அழகை நேசிப்பது குற்றமன்று. அதற்காகக் குடும்பத்தின் உரிமையைக் குறைப்பதும் வட்டிக் கடனில் வீழ்வதுமே குற்றம்.

நலமுடன் சென்று நலமுடன் திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.