குமியாய் மலையில் கல்லும் காற்றும்

அமெரிக்காவின் சான் டியேகோ நகரக் கடலோரத்தை விட்டு எட்டாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏற ஏற, காற்றில் ஈரம் வற்றிக்கொண்டே வந்தது. 4,000 அடி உயரத்தில் காரைவிட்டு இறங்கியதும் காய்ந்த புதர்களின் மணம் முகத்தில் அடித்தது. நிமிர்ந்தால், மலைமுகட்டில் வரிசையாக 25 காற்றாலைகள். அவை நிற்பது காம்போ குமியாய் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில். 2005இல் அமைந்த இந்த 50 மெகாவாட் காற்றாலைப் பண்ணைக்காக நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அந்தச் சின்னஞ்சிறு சமூகம் வருவாய் ஈட்டுகிறது.

சில நூறு பேர். சுமார் 16,500 ஏக்கர். ஒருகாலத்தில் கடற்கரையிலிருந்து பாலைவனம் வரை பருவத்துக்கு ஏற்ப நடந்து வாழ்ந்த மக்கள் இவர்கள். 1769இல் ஸ்பானியப் பாதிரிமார் வந்து சமயப்பணி நிலையம் நிறுவினார்கள். 1775இல் குமியாய் மக்கள் கிளர்ந்தெழுந்து அதை எரித்தார்கள். 1848இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே போட்ட எல்லைக்கோடு உறவினர்களை இரு நாட்டாராக்கியது. இன்றும் மெக்சிகோப் பக்கம் குமியாய் ஊர்கள் உண்டு. அமெரிக்கப் பக்கத்தில் மிஞ்சியவை, மலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் பத்துக்கு மேற்பட்ட ஒதுக்கீட்டு நிலங்கள்.

ஓக் மர நிழலில் ஒரு பாறையைப் பார்த்து அசந்து நின்றேன். அதில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒன்றில் கைவிட்டால் மணிக்கட்டு வரை இறங்கியது. வெளியே சொரசொரப்பு, உள்ளே அப்படியொரு வழவழப்பு. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஓக் கொட்டை இடித்து இடித்து உண்டான உரல்கள் அவை. காய்ந்த கொட்டையை உடைத்து, பருப்பை மாவாக்கி, துவர்ப்புப் போகும்வரை திரும்பத் திரும்ப நீர் ஊற்றி வடிப்பார்கள். பிறகு கேழ்வரகுக் களி போலக் கிண்டி எடுப்பார்கள். அதன் பெயர் ஷவீ. ஒரு கவளத்துக்குப் பின்னால் எத்தனை பொறுமை!

அதே பொறுமையை ஓடையிலும் கண்டேன். மண் அரித்து ஓடைகள் ஆழமானதால் நிலத்தடி நீர் இறங்கிப்போயிருந்தது. காம்போ மக்கள் ஓடையின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் போட்டார்கள். வெள்ளத்தின் வேகம் தணிந்தது, வண்டல் படிந்தது, நீர் ஊறியது, கரையில் பசுமை திரும்பியது. பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. நீரின் போக்கைப் பற்றி முன்னோரிடமிருந்து பெற்ற அறிவுதான் முதல்.

வளமான நிலத்தையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு மேட்டையும் பாறையையும் இவர்களுக்கு விட்டார்கள். அந்த மேட்டுக் காற்றைப் பிழைப்பாக்கி, அந்தக் கல்லைக் கொண்டே நீரையும் மீட்டிருக்கிறார்கள்.

சான் டியேகோ போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிட வேண்டாம். பரோனா என்ற ஒதுக்கீட்டு நிலத்தில் குமியாய் மக்களே நடத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் பின்னிய கூடைகளை அங்கே அருகில் நின்று பார்க்கலாம். சான் டியேகோ யாருடைய மண் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.